ஜாக்கெட் கை இறுகினால்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். பரிசோதனை முடிவுகள் நன்றாக வந்திருக்கும். அப்போது அந்தப் பக்கத்து ஜாக்கெட் கை மட்டும் பிடிக்கும்; வளையல் ஏறாது. தையலைப் பிரித்துத் தைத்துக்கொண்டு பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். நிணநீர் வீக்கம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

கையிலிருந்து வரும் நிணநீர் அக்குளிலுள்ள கணுக்கள் வழியாக வடிந்து ரத்தத்தில் சேர்கிறது. புற்று அங்கே பரவியிருந்தால் கணுக்களை மொத்தமாக எடுக்கவோ கதிர்வீச்சு கொடுக்கவோ நேர்கிறது, வடிகால் குறைகிறது. அப்படிக் கணுக்களை எடுத்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு வீக்கம் வருகிறது. பெரும்பாலோருக்கு முதல் மூன்று ஆண்டுகளுக்குள்; பத்தாண்டு கழித்து வந்தவர்களும் உண்டு. எடை கூடினால் ஆபத்தும் கூடும்.

தொடக்கத்தில் வீங்கிய இடத்தை அழுத்தினால் குழி விழும். இரவு கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் வடிந்திருக்கும். ‘வடிந்துவிட்டதே’ என்று நிம்மதியடைந்து காலம் கடத்துவதுதான் இந்த நோயில் நான் அதிகம் அஞ்சுவது. தேங்கிய நீரில் புரதம் நிறைய இருக்கிறது. நாளடைவில் தோலுக்கடியில் நார்த்திசுவும் கொழுப்பும் படிகின்றன. அதன்பின் அழுத்தினால் குழி விழாது, உயர்த்தினாலும் வடியாது. தொடக்கத்திலேயே பிடித்தால் கட்டுக்குள் வரக்கூடியது, ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிவிடும்.

எனவே அறுவைக்கு முன்பே இரு கைகளையும் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். முழங்கைக்கு மேலும் கீழும், எப்போதும் அதே இடத்தில். பிறகு அளக்கும்போது 2 செ.மீ. கூடியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அளவு மாறாமல் கை கனத்தாலும் காட்டலாம்.

நீர் பிரிய மாத்திரை போட்டால் வற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். மாத்திரை தண்ணீரை வெளியேற்றும். புரதம் அங்கேயே நிற்கும், வீக்கம் திரும்பும். சூடான எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுவதும் கூடாது. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் தோல் மட்டும் நகரும் அளவுக்கே மென்மையாக நீவிவிடுவார். பிறகு அடுக்கடுக்கான அழுத்தக் கட்டு, நாள்தோறும், சில வாரங்களுக்கு. வீக்கம் குறைந்ததும் கைக்கு அளவெடுத்துச் செய்த அழுத்த உறை. பகலெல்லாம் போட வேண்டும். இழுவை தளர்வதால் ஆறு மாதத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பது கஷ்டம்தான். கழற்றி வைத்தால் வீக்கம் திரும்புகிறது.

அந்தக் கையால் குடம்கூடத் தூக்காதே என்பார்கள். 2009-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வில், வீக்கமுள்ள 141 பெண்களில் ஒரு பாதியினர் மேற்பார்வையில் படிப்படியாக எடை தூக்கினார்கள். வீக்கம் கூடவில்லை, திடீரென மோசமாவது குறைந்தது.

அரிவாள்மனை வெட்டோ தோசைக்கல் சூடோ பட்டால் உடனே சோப்பு, தண்ணீரால் கழுவுங்கள். கை சிவந்து சூடேறிக் குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். ஒவ்வொரு தொற்றும் மிச்சமுள்ள நிணக்குழாய்களைக் கெடுக்கிறது. வீக்கம் திடீரென வலியோடு வந்தால் கட்டுப் போடுவதற்கு முன் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கட்டோ புற்று திரும்பியிருப்பதோ இல்லை என்று உறுதி செய்யச் சொல்லுங்கள்.