தூண்டில் மடல்கள்

அரிசி ஆலைகள் நிறைந்த புதுவயலில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவிக்கு மின்னஞ்சல் ஒன்று வருவதாகக் கொள்வோம். “உங்களுக்குக் கல்வி உதவித்தொகை கிடைத்துள்ளது. இன்று மாலைக்குள் கீழுள்ள இணைப்பைத் தொட்டு, தந்தையாரின் வங்கிக் கணக்கு எண்ணையும் கடவுச்சொல்லையும் பதிவு செய்க” என்கிறது அது. அனுப்புநர் பெயர் ஒரு வங்கியின் பெயர். நம்பலாமா?

கண்மாயில் தூண்டில் போடுகிறவர் முள்ளை மறைத்துப் புழுவைக் காட்டுகிறார். இங்கே உதவித்தொகைதான் புழு. கடவுச்சொல்லைக் கேட்பது முள். மீன் பிடிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒட்டியே இம்மோசடிக்குப் ‘பிஷிங்’ என்று பெயர் வந்தது. சிக்கினால், ஆலையில் உழைத்துச் சேர்த்த பணம் சில நிமிடங்களில் போய்விடும்.

பெயர் எப்படிப் பொய்யாகிறது?

அஞ்சலட்டையில் அனுப்புநர் பெயராக எதை வேண்டுமானாலும் எழுதலாம்; தபால்காரர் சோதிப்பதில்லை. மின்னஞ்சலும் அவ்வாறே அமைந்தது. கணினிகள் மடலைக் கைமாற்றும் விதிமுறையை 1982-இல் ஜான் போஸ்டெல் என்ற அமெரிக்க அறிஞர் வகுத்தார். அன்று அதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்களே. எனவே அனுப்புநரைச் சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை.

பின்னர் மின்முத்திரை வந்தது. அனுப்பும் கணினி ஓர் இரகசியச் சாவியால் முத்திரையிடும். பெறும் கணினி பொதுச் சாவியால் அதைச் சரிபார்க்கும். ஆனால், மோசடிக்காரன் தனக்கென ஒரு முகவரியை விலைக்கு வாங்கி, முறையான முத்திரையும் இடலாமே! மடல் எந்த முகவரியிலிருந்து வந்தது என்றுதான் முத்திரை கூறும். அனுப்பியவன் நல்லவனா என்று கூறாது. ஆகவே முகவரியை நாமே படிக்க வேண்டும்.

வலமிருந்து படியுங்கள்

‘மதுரைத் தெரு, புதுவயல், சிவகங்கை மாவட்டம்’ என்ற முகவரியில் உள்ள வீடு மதுரையில் இல்லை. பின்னால் வரும் பகுதியே இடத்தைத் தீர்மானிக்கிறது. இணைய முகவரியிலும் முதல் சாய்கோட்டுக்கு முன்புள்ள கடைசிப் பகுதிதான் முக்கியம். ‘வங்கி.பரிசு.காம்’ என்பது ‘பரிசு.காம்’ என்ற பெயரை வாங்கியவருக்கு உரியது. அதன் முன்னே எச்சொல்லையும் அவர் சேர்த்துக்கொள்ளலாம்.

எழுத்துகளையும் உற்று நோக்குக. தமிழில் துணைக்காலும் ரகரமும் மயக்குவது போல, ஆங்கிலத்தில் ஆர், என் ஆகிய சிற்றெழுத்துகள் நெருங்கி நின்றால் எம் போலத் தோன்றும்.

இம்மயக்கத்தைக் குறைக்க, இந்திய வங்கிகளுக்கு மட்டுமே உரிய ‘பேங்க்.இன்’ என்னும் முடிவை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் வங்கிகள் அதற்கு மாற வேண்டும் என்றும் ஆணையிட்டது.

நினைவில் கொள்க

மடலில் உள்ள இணைப்பைத் தொடாமல், வங்கியின் முகவரியை நீங்களே தட்டெழுதிச் செல்லுங்கள். கடவுச்சொல், ஓ.டி.பி. இரண்டையும் எவருக்கும் கூறாதீர்கள். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால், பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று பொருள்.

ஏமாந்துவிட்டால் வீட்டில் மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் கூறினால், அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

இப்போது ஒரு வினா: ‘நம்வங்கி.பேங்க்.இன்’, ‘பேங்க்.இன்.நம்வங்கி.காம்’ ஆகிய இரண்டில் தூண்டில் எது?