அனுப்பப்பட்டவர் எதைக் கொண்டு செல்கிறார்?

'மறைபரப்பு' என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மதமாற்றம்தான். பல சமயத்தவர் அருகருகே வாழும் நம் நாட்டில் அச்சொல் சிலருக்குச் சங்கடத்தையும் தருகிறது. ஆனால், கத்தோலிக்க இறையியல் அதற்குத் தரும் பொருள் இன்னும் விரிவானது.

'மிஷன்' என்ற சொல் 'அனுப்புதல்' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அனுப்புகிறவர் யார்? இறைவன். தந்தையாகிய இறைவன் மகனை உலகிற்கு அனுப்பினார். தூய ஆவியையும் அனுப்பினார். அதன் தொடர்ச்சியே திருச்சபை. ஆகவே, மறைபரப்பு என்பது திருச்சபை செய்யும் பல பணிகளில் ஒன்று மட்டுமல்ல; அதன் இயல்பே அதுதான். 1965 டிசம்பர் 7ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு இதைத் தெளிவுபடுத்தியது. திருப்பலியைக் குறிக்கும் 'மிஸ்ஸா' என்ற லத்தீன் பெயரும், வழிபாட்டின் முடிவில் மக்களை அனுப்பி வைக்கும் சொல்லிலிருந்து பிறந்ததே.

அதே நாளில் அச்சங்கம் இன்னோர் ஏட்டையும் வெளியிட்டது. சமய நம்பிக்கையில் எவரையும் வற்புறுத்தக்கூடாது என்பது அதன் சாரம். இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். அனுப்பப்பட்டவர் தூதர்; கேட்பவரின் மனத்திற்கு அவர் உரிமையாளர் அல்லர்.

சரி, அந்தத் தூதர் எதைக் கொண்டு செல்ல வேண்டும்? நம்பிக்கையை மட்டுமா, தம் ஊர்ப் பழக்கவழக்கங்களையும் சேர்த்தா? சிக்கல் இங்குதான் எழுந்தது. 1601இல் பெய்ஜிங் சென்ற இயேசு சபைக் குரு மத்தேயோ ரிச்சி, சீன அறிஞர்களைப் போல் உடுத்தினார். முன்னோருக்குச் செய்யும் சடங்குகளைக் குடும்ப மரியாதையாகவே கருதினார். பின்னர் வந்த வேறு சபைக் குருக்கள் சிலர் அதை எதிர்த்தனர். நீண்ட சர்ச்சைக்குப் பின், 1742இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் அச்சடங்குகளுக்கு உறுதியாகத் தடை விதித்தார். 1939இல்தான் ரோம் அதைத் தளர்த்தியது. இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், சீனக் கத்தோலிக்கர்கள் திருச்சபைக்கும் மூதாதையருக்கும் இடையில் தவித்தனர். ஞானஸ்நானம் பெற்ற மகன், தந்தையின் நினைவுப் பலகைமுன் ஊதுவத்தி ஏற்ற முடியாத நிலை!

இந்த அனுபவம் வீண்போகவில்லை. 1974இல் தைப்பேயில் கூடிய ஆசிய ஆயர்கள், ஏழைகளுடனும் பண்பாடுகளுடனும் பிற சமயங்களுடனும் உரையாடுவதே ஆசியாவில் நற்செய்திப் பணிக்கான வழி என்றனர். உரையாடல் என்றால், பேசுவதோடு காது கொடுத்துக் கேட்பதும்தான்.

தம் நம்பிக்கையை எடுத்துச் சொல்ல உரிமை கேட்பவர், 'வேண்டாம்' என்று சொல்லும் பிறரின் உரிமையையும் மதிக்க வேண்டும். இது கத்தோலிக்கர்கள் மட்டுமன்றி, எல்லாச் சமயத்தினரும் சிந்திக்க வேண்டிய ஒன்று.