நாமக்கல்லிலிருந்து ஏன் ஒரு நரேன் வரவில்லை?

இந்தியாவின் சாலைச் சரக்குப் போக்குவரத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் சேலம், நாமக்கல் சமவெளியைத் தவிர்த்துவிட முடியாது. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள், சங்ககிரியில் லாரித் தொழிலை நம்பியே வாழும் குடும்பங்கள் என்று இங்கு ஒவ்வோர் ஊருக்கும் வாகனத்தோடு ஓர் உறவு உண்டு. சமையல் எரிவாயு ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளின் தென்மண்டல உரிமையாளர் சங்கம் நாமக்கல்லில்தான் இயங்குகிறது. எஞ்சின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லிவிடும் மெக்கானிக்குகள் இங்கு தெருவுக்கு இருவர் இருப்பார்கள்.

அப்படியிருந்தும், உலக அரங்கில் பெயர் பெற்ற கார் பந்தய ஓட்டுநர் இச்சமவெளியிலிருந்து உருவாகவில்லை. நரேன் கார்த்திகேயன் உருவானது, இங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோயம்புத்தூரில். இடையில் இருப்பது ஒரே தேசிய நெடுஞ்சாலை. ‘அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?’ என்று இப்பகுதியின் பொறியியல் மாணவர்களும் இளம் மெக்கானிக்குகளும் என்னிடம் கேட்டதுண்டு. நரேனின் பந்தய வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். துணிச்சலில் கோவை நம்மை விஞ்சிவிடவில்லை. தடம், பணம், பட்டறை ஆகிய மூன்றும் அங்கே ஒருவருக்கொருவர் எட்டும் தொலைவில் இருந்தன என்பதே அந்த விடை.

மாருதி எஞ்சினில் ஒரு முதல் படி

நரேனின் தந்தை ஜி.ஆர்.கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். வீட்டிலேயே பந்தயம் இருந்தது. ஊரில் சு.கரிவரதன் இருந்தார். கோவையின் ஆலைத் தொழில் குடும்பத்தில் பிறந்த அவர், தாமே பந்தயம் ஓட்டியதோடு நின்றுவிடாமல், பந்தயக் கார்களை உள்ளூரிலேயே வடிவமைத்தார். சாதாரண மாருதி 800 காரின் எஞ்சினைப் பொருத்தி, ஓட்டுநர் ஒருவர் மட்டும் அமரக்கூடிய ‘ஃபார்முலா மாருதி’ என்னும் பந்தயக் காரை 1980களின் இறுதியில் அவர் உருவாக்கினார். வெளிநாட்டிலிருந்து பெருஞ்செலவில் கார் இறக்குமதி செய்தால்தான் பந்தயத்தில் இறங்க முடியும் என்ற நிலையை அந்த எளிய வண்டி மாற்றியது. கரிவரதன் 1995இல் ஒரு விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத்தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பிரான்சில் உள்ள வின்ஃபீல்டு பந்தயப் பள்ளியில் 1992இல் பயிற்சி பெற்ற நரேன், நாடு திரும்பி முதலில் ஓட்டியது இந்த ஃபார்முலா மாருதியைத்தான். ஓடிய இடம், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த தடம். அங்கிருந்து இங்கிலாந்து சென்றார். 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டத்தை வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அவரே. பிரிட்டிஷ் ஃபார்முலா 3, ஜப்பானின் ஃபார்முலா நிப்பான், ஐரோப்பாவின் நிசான் உலகத் தொடர் என ஏறக்குறைய 10 ஆண்டுகள் படிப்படியாக ஏறி, 2005இல் ஜோர்டான் அணியின் ஓட்டுநராக ஃபார்முலா 1 பந்தயத்தில் கால் பதித்தார். ஃபார்முலா 1இல் பங்கேற்ற முதல் இந்தியர் என்பதால் அந்த ஆண்டை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய 12 ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அந்த 12 ஆண்டுகளின் தொடக்கத்தில், நம் தெருக்களில் ஓடிய அதே காரின் எஞ்சினால் ஆன ஒரு முதல் படி இருந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

ஸ்போர்ட்ஸ் கார் என்னும் வேறு உலகம்

ஃபார்முலா 1 ஒன்றே கார் பந்தயம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் அதற்கு ஈடான உலகத் தொடர்களைக் கொண்டது. பிரான்சின் லெ மான்ஸ் நகரில் 24 மணி நேரப் பந்தயம் 1923 முதல் நடந்துவருகிறது. இங்கு ஒரு காரைப் பொதுவாக மூவர் மாறி மாறி ஓட்டுவார்கள். பகலும் இரவும், வெயிலும் மழையும் கடந்து, 24 மணி நேரத்தில் அதிகத் தொலைவு ஓடிய கார் வெல்லும். வேகத்தில் வேறுபட்ட பல பிரிவு வண்டிகள் ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் ஓடும். பின்னால் பாய்ந்து வருகிற வண்டிக்கு வழிவிடவும், முன்னால் மெதுவாகப் போகிற வண்டியை உரசாமல் கடக்கவும் தெரிந்திருக்க வேண்டும். டயரையும் பிரேக்கையும் எரிபொருளையும் காப்பாற்றி, அடுத்த ஓட்டுநரிடம் வண்டியை நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்.

இதை வாசிக்கும் நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவர், ‘இது நாங்கள் செய்வதுதானே!’ என்று சொல்லக்கூடும். அவர் சொல்வதில் பெருமளவு உண்மை இருக்கிறது. நரேன் 2009இல் கோலஸ் அணிக்காக லெ மான்ஸில் ஓட்டவிருந்த ‘ஆடி ஆர்10’ கார், 5.5 லிட்டர் கொள்ளளவும் 12 சிலிண்டரும் கொண்ட டீசல் எஞ்சினில் ஓடியது. 2006இல் அந்த மாதிரிதான் லெ மான்ஸை வென்ற முதல் டீசல் கார் என்ற பெயரைப் பெற்றது. டீசலைக் கரைத்துக் குடித்த ஒரு வட்டாரத்துக்கு அது அந்நியமான எஞ்சின் அன்று.

அந்தப் பந்தயத்தில் நரேனால் ஓட்ட முடியவில்லை. பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் கீழே விழுந்ததில் அவரது தோள்மூட்டு விலகிவிட்டது. அவரது கூட்டாளிகளான ஆந்த்ரே லோட்டரரும் சார்லஸ் ஸ்வோல்ஸ்மனும் இருவராகவே 24 மணி நேரத்தையும் பகிர்ந்து ஓட்டி, 7ஆம் இடத்தில் முடித்தார்கள். லெ மான்ஸில் ஓடிய முதல் இந்தியர் என்ற சிறப்பு, 2012இல் 6ஆம் இடத்தில் முடித்த அணியில் இருந்த சென்னையின் கருண் சந்தோக்குக்குக் கிடைத்தது.

நரேனின் ஸ்போர்ட்ஸ் கார் வாழ்க்கை அத்துடன் முடிந்துவிடவில்லை. ஜப்பானின் சூப்பர் ஃபார்முலா தொடரில் 2014 முதல் 2018 வரை ஓட்டிய அவர், தமது 42ஆம் வயதில் அந்நாட்டின் சூப்பர் ஜி.டி. தொடருக்கு மாறினார். ஜப்பானின் முன்னாள் ஃபார்முலா 1 ஓட்டுநர் சடோரு நகாஜிமாவின் அணிக்காக ஹோண்டா காரை ஓட்டினார். 2019 நவம்பரில் ஃபூஜி தடத்தில், சூப்பர் ஜி.டி. கார்களும் ஜெர்மனியின் டி.டி.எம். தொடர் கார்களும் மோதிய சிறப்புப் பந்தயங்களில் இரண்டாவதை வென்றார். பத்மஸ்ரீ பெற்று 9 ஆண்டுகள் கழித்து, ‘அவர் காலம் முடிந்துவிட்டது’ என்று இங்கே பலரும் எண்ணியிருந்தபோது கிடைத்த வெற்றி அது. நிதானமும் அனுபவமும் மதிக்கப்படுகிற இடம் ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இருக்கைக்கு யார் பணம் கொடுப்பது?

பிறகு ஏன் எல்லோராலும் அங்கு செல்ல முடிவதில்லை? கிரிக்கெட்டில் மட்டையும் பந்தும் வாங்கினால் தெருவிலேயே தொடங்கிவிடலாம். கார் பந்தயத்தில் பயிற்சியின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் டயர், எரிபொருள், தடத்தின் வாடகை, பழுதுபார்ப்போர் கூலி என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும். கீழ்நிலைத் தொடர்களில் அணி ஓட்டுநருக்குச் சம்பளம் தருவதில்லை. ஓட்டுநர்தான் அணிக்குப் பணம் தருகிறார். திறமை குறைந்தவர் பணத்தோடு வந்தால், திறமை மிக்கவர் வெளியே நிற்க நேர்கிறது.

ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் இந்த உண்மையை மறைப்பதில்லை. அங்கு ஓட்டுநர்கள் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என நான்கு தரங்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். பல பிரிவுகளில், பந்தயத்தைத் தொழிலாகக் கொள்ளாத வெண்கலத் தர ஓட்டுநர் ஒருவரேனும் காரில் இருக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் அவரே செலவின் கணிசமான பகுதியை ஏற்கிறார். உடன் ஓட்டும் தொழில்முறை ஓட்டுநர் ஊதியம் பெறுகிறார். நடிகர் அஜித்குமார் திரைத்துறையில் ஈட்டியதைக் கொண்டு அணி அமைத்ததையும், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அந்த அணி தன் பிரிவில் 3ஆம் இடம் பெற்றதையும் தமிழகமே கொண்டாடியது. அது பாராட்டத்தக்க உழைப்பு. ஆனால், அது வேறொரு தொழிலில் வென்றவர் நடக்கக்கூடிய வழி. மெக்கானிக்கின் மகனுக்கோ மகளுக்கோ அது வழியாகாது.

தடம் இல்லாத இடத்தில் சாலையே தடம்

இதில் பணயமாக இருப்பது பதக்கம் மட்டும் அன்று. முறையான தடம் இல்லாத ஊரில் வேகத்தின் ஆசை மறைந்துவிடுவதில்லை; அது புறவழிச்சாலைக்குப் போகிறது. இரவில் நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனங்களைச் சீறவிடும் இளைஞர்களைத் திட்டுவது எளிது. அவர்களிடம் இல்லாத எதைப் பந்தய ஓட்டுநர் பெற்றிருக்கிறார் என்பதைச் சொல்லித்தர நம்மிடம் ஓர் இடம் இல்லை. தடத்தில் எதிரே வண்டி வராது. தலைக்கவசமும் தீப்பிடிக்காத உடையும் இன்றி எவரும் உள்ளே நுழைய முடியாது. மஞ்சள் கொடி அசைந்தால் உலகச் சாம்பியனும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

இன்னொரு விதியும் சிந்திக்கத்தக்கது. லெ மான்ஸில் எந்த ஓட்டுநரும் 6 மணி நேரத்துக்குள் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது; மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. உலகின் மிகச் சிறந்த ஓட்டுநருக்கும் களைப்பு உண்டு என்பதைப் பந்தய உலகம் ஒப்புக்கொள்கிறது. நம் நாட்டிலும் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்ற வரம்பை விதித்திருந்தது. நெடுந்தூர லாரிகளில் அது எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகிறது என்பதை இச்சமவெளியின் குடும்பங்கள் அறியும். பந்தயத்திலிருந்து நாம் கற்க வேண்டியவற்றில் வேகம் கடைசியாகத்தான் வரும்.

மூன்றாவது கண்ணி

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத்தடத்தில் 2024 ஆகஸ்ட் இறுதியில் இரவுப் பந்தயம் நடந்தது. அதற்குப் பொதுப்பணம் செலவிடலாமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. கேள்வி நியாயமானதே. பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கு அரசு ஏன் துணைபோக வேண்டும் என்று கேட்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு வார இறுதிக் காட்சிக்கு மட்டும் செலவிட்டால், அந்தப் பணம் இந்த விளையாட்டைச் சாதாரணக் குடும்பங்களுக்கு அருகில் கொண்டுவராது. முதல் படியை அமைப்பதற்குச் செலவிட்டால் கொண்டுவரும்.

அந்த முதல் படி, கார்ட் எனப்படும் சிறு பந்தய வண்டிகள் ஓடுவதற்கான எளிய தடம். ஏறக்குறைய எல்லாப் பெரிய ஓட்டுநர்களும் இன்று சிறுவயதில் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே இடம் தேடுவது கடினமன்று. பொறியியல் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. மாணவர்கள் தாங்களே வடிவமைத்த பந்தயக் கார்களைக் கொண்டு மோதும் ‘ஃபார்முலா பாரத்’ போட்டி கோவையின் கரி தடத்தில்தான் நடந்துவருகிறது. வண்டியின் சட்டகத்தை வெல்டிங் செய்யவும், உதிரிகளை லேத்தில் கடையவும் நம் பட்டறைகளுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கரிவரதன் மாருதி எஞ்சினைக் கொண்டு செய்ததை, மாவட்ட விளையாட்டு அலுவலகமும் ஒரு கல்லூரியும் சில பட்டறை உரிமையாளர்களும் சேர்ந்தால் இங்கே சிறிய அளவில் செய்ய முடியும். கட்டணம் இல்லாத சில இருக்கைகளை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கினால், பணம் என்ற தடையும் முதல் படியிலாவது தளரும்.

அப்படித் தொடங்கும் எல்லோரும் ஓட்டுநராகிவிட மாட்டார்கள். ஒரு பந்தய அணியில் ஓட்டுநர்கள் இருவர் அல்லது மூவர். அவர்களுக்குப் பின்னால் எஞ்சின் பொறியாளர், டயர் நுட்பர், தரவுகளை ஆய்பவர், நொடிக்கணக்கில் சக்கரம் மாற்றுபவர் எனப் பலர் உழைக்கிறார்கள். இச்சமவெளியின் பிள்ளைகளுக்கு அந்த வேலைகள் ஓட்டுநர் இருக்கையைவிட விரைவில் கைகூடலாம். பட்டறை என்ற மூன்றாவது கண்ணி நம்மிடம் தலைமுறைகளாக இருக்கிறது. தடத்தையும் முதல் படிக்கான பணத்தையும் அதனோடு இணைப்பது, மாவட்ட அளவில் ஒருசிலர் கூடி எடுக்க வேண்டிய ஒரு முடிவுதான்.