உளுவையைப் புரட்டிப் பாருங்கள்

கிழக்கிலங்கைக் களப்போரங்களில் உளுவையை அறியாதார் குறைவு. ஆனால் அது ஒரு மீனின் பெயரன்று. ஒத்த தோற்றமுள்ள பலவற்றுக்கும் பொதுப் பெயர். “எல்லாம் உளுவதான்” என்று ஒரே கூடைக்குள் போட்டுவிட்டால், அவற்றுள் ஒன்று அற்றுப்போனாலும் நமக்குத் தெரியவராது. ஆதலால் பரவலாகக் கிடைக்கும் உளுவையான ‘குளொசோகோபியஸ் கியூரிஸ்’ என்பதை இனங்காணும் வழியை இங்கு நோக்குவோம். கங்கையாற்று மீன்கள் பற்றிய தமது நூலில் 1822இல் இதனை விபரித்தவர் பிரான்சிஸ் ஹமில்டன்.

முதலில் மீனைப் புரட்டி வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். இரு வயிற்றுச் செட்டைகளும் ஒட்டிச் சேர்ந்து சிறு கிண்ணம்போல் இருக்கும். அவை தனித்தனியாகப் பிரிந்திருந்தால் அது எலியோட்ரிஸ் போன்ற வேறு மீன். அடுத்து முதுகு: விராலுக்கு நீண்ட ஒரே செட்டை, உளுவைக்கு இரண்டு. முன்னதில் 6 முட்கள். தலை தட்டை, கீழ்த்தாடை மேற்தாடையைத் தாண்டி நீண்டிருக்கும். வாயைத் திறந்தால் நாக்கின் நுனி பிளவுபட்டுத் தெரியும். ‘குளொசோ’ என்னும் கிரேக்கச் சொல் நாக்கையே குறிக்கிறது. மணல்நிற உடலின் பக்கவாட்டில் கரும் திட்டுகள் வரிசையாக இருக்கும்.

அந்த நிறமே அதன் பிழைப்பு. “மண்ணோட மண்ணாக் கிடக்கும்” என்று மீன்பிடிப்போர் சொல்வது சரியே. சிங்களப் பெயரான ‘வெலிகொவ்வா’விலும் ‘வெலி’ என்றால் மணல்தான். அசையாமல் கிடந்து, அருகில் வரும் இறால், பூச்சி, சிறு மீன்களைக் கவ்வும். தன் இனக் குஞ்சுகளையும் விடாது. முட்டைகளை அடித்தளப் பொருட்களில் ஒட்டிவைக்கும். பொரிக்கும் நுண்குஞ்சுகள் நீரோட்டத்தோடு மிதந்து செல்லும்.

இம்மீன் குளத்திலும் வாழும், உவர்நீரிலும் வாழும். ஆறும் களப்பும் கடலும் தொடுத்திருக்கும் இடங்களில் குஞ்சுகள் இடம்மாறி வளரும். மட்டக்களப்பு வாவியின் பாலமீன்மடு, கல்லாறு முகத்துவாரங்களை மணல்திட்டு மூடுவதும் மழைக்காலத்தில் அவை திறபடுவதும் இதனால் உளுவைக்கும் முக்கியமானவை. கண்டலை வெட்டி களப்போரத்தை நிரப்பினால் குஞ்சுகள் ஒதுங்கும் இடமும் போய்விடும்.

ஆணத்துக்கு அறுக்குமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வயிற்றுச் செட்டையின் அமைப்பு, பிடிபட்ட இடம், மாதம், அவ்வூரார் சொல்லும் பெயர் ஆகிய நான்கையும் குறித்து வைத்தாலே நமது களப்பு மீன்களுக்கு ஒரு பட்டியல் தொடங்கிவிடலாம்.