‘குடிச்சிருந்தான்னு எழுதாதீங்க’

“குடிச்சிருந்தான்னு எழுதிட்டா இன்ஷூரன்ஸ்ல காசு வராதும்மா. வேகமா வந்து மோதிட்டான்னு மட்டும் எழுதிக் குடுங்க.”

அரசு மருத்துவமனைகளின் எலும்பு முறிவு வார்டு வாசலில் இந்த அறிவுரை இலவசமாகக் கிடைக்கும். சொல்பவர் கூட வந்த உறவினராக இருக்கலாம். கேஸ் பிடிக்க வந்த தரகராக இருக்கலாம். இடித்தவன் தரப்பிலிருந்து பழப் பையோடு வந்தவராகவும் இருக்கலாம். மூவருக்கும் காரணங்கள் வேறு. காலில் கம்பி வைத்துக் கணவன் உள்ளே படுத்திருக்க, வெள்ளைத் தாளோடு வெளியே நிற்கும் பெண்ணின் காதில் விழுவது ஒன்றே ஒன்றுதான்: காசு வராது.

இந்தப் பேச்சில் முக்கால் பங்கு தப்பு, கால் பங்கு உண்மை. அந்தக் கால் பங்கு எது என்பதைப் பார்த்துவிடலாம்.

வாகனக் காப்பீட்டில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் உண்டு. ஒன்று, உரிமையாளரின் சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு. மற்றது, அந்த வண்டியால் அடிபடும் வெளியாளுக்கு. ‘தேர்டு பார்ட்டி’ என்று சொல்கிறோமே, அது. குடித்துவிட்டு ஓட்டித் தன் காரையே நொறுக்கிக்கொண்டவர் முதல் கணக்கில் பணம் கேட்டால் நிறுவனம் கைவிரிக்கலாம். 2007இல் டெல்லியில் ஒரு போர்ஷே கார் விபத்தில் சிக்கிய வழக்கில், 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் காப்பீட்டு நிறுவனத்தின் பக்கம்தான் நின்றது. ‘குடிச்சிருந்தா காசு வராது’ என்ற பேச்சுக்கு ஊற்றுக்கண் இந்த வகை வழக்குகள்தான்.

அடிபட்டவரின் கணக்கு வேறு. எந்த வண்டியும் தேர்டு பார்ட்டி காப்பீடு இல்லாமல் சாலைக்கு வரக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு கட்டாயப்படுத்துவதே, ஓட்டுநரின் தவறுக்கு வழிப்போக்கர் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காக. நிறுவனத்துக்கும் உரிமையாளருக்கும் உள்ள ஒப்பந்தத்தில் ‘போதையில் ஓட்டக்கூடாது’ என்று இருக்கும். அந்த ஒப்பந்தத்தை மீறியவர் அடிபட்டவர் அல்லவே!

இனி அந்தக் கால் பங்கு உண்மை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில், காப்பீட்டு நிறுவனம் எடுத்துவைக்கக்கூடிய எதிர்வாதங்களின் பட்டியலில் போதையில் ஓட்டியதும் சேர்க்கப்பட்டுவிட்டது. 150ஆம் பிரிவில் அது இருக்கிறது. ஆகவே நிறுவனத்தின் வக்கீல் இதைக் கிளப்பத்தான் செய்வார். ஆனால் அதே வரியில், உரிமம் இல்லாதவர் ஓட்டியது என்ற பழைய எதிர்வாதமும் இருக்கிறது. அந்த வகை வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றம் 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் ஒரு வழி காட்டியது: முதலில் நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும். குடிபோதை வழக்கிலும் இதே வழியைத்தான் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் பின்பற்றியது. நிறுவனமும் உரிமையாளரும் தங்களுக்குள் நடத்திக்கொள்ள வேண்டிய வழக்குக்காக, அடிபட்டவர் காத்திருக்க வேண்டியதில்லை.

அதனால் உண்மையை எழுதுங்கள். மறைத்து எழுதிய புகாருக்கும் மருத்துவமனைப் பதிவுக்கும் பிறகு முரண்பாடு வந்தால், குறுக்கு விசாரணையில் திணறப்போவது நீங்கள்தான். ஓட்டியவன் குடித்திருந்தான் என்பது நிரூபணமானால் கவனக்குறைவை நிலைநாட்டுவது எளிதாகும். ‘அவரும்தான் குறுக்கே வந்தார்’ என்று உங்கள் தலையில் பாதிப் பழியைக் கட்டுவது கடினமாகும். ஒன்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அவன் குடித்திருந்தான் என்பதற்காக இழப்பீடு ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. நம் தீர்ப்பாயங்கள் அளப்பது உங்கள் இழப்பை. அவனுடைய குற்றத்தை அளப்பது குற்றவியல் நீதிமன்றத்தின் வேலை.

ஆனால் போதைக்கான சான்று கரைந்துபோகும் சான்று. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இந்த அளவை உடல் மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் வரை குறைத்துக்கொண்டே இருக்கும். விபத்து நடந்தபோது 80இல் இருந்தவன் மூன்று நான்கு மணி நேரம் எங்காவது உட்கார்ந்துவிட்டு வந்தால், ஊதினாலும் கருவி வரம்புக்குக் கீழே காட்டிவிடக்கூடும். ‘காலையில் கூட்டிட்டு வர்றோம் சார்’ என்று இடித்தவன் தரப்பு சொல்வதற்கு அர்த்தம் இதுதான். அடிபட்டவர் ஆம்புலன்ஸில் போய்விடுவார். கூட இருப்பவர்தான் 112ஐ அழைத்து, ஓட்டுநரை அப்போதே ஊத வைக்கவோ ரத்த மாதிரி எடுக்கவோ வலியுறுத்த வேண்டும். வண்டி எண்ணையும் ஓட்டுநரின் நிலையையும் கைபேசியில் படம் பிடித்துவிடுங்கள். அருகிலுள்ள கடையின் கேமரா பதிவு சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால், அதை எடுத்துவைக்கும்படி காவல் நிலையத்தில் எழுத்தில் கேளுங்கள்.

பரிசோதனை நடக்காமலே போய்விட்டது என்றாலும் கதை முடிந்துவிடவில்லை. மேலே சொன்ன போர்ஷே தீர்ப்பிலேயே, கருவிச் சோதனை இல்லாவிட்டாலும் மற்றச் சான்றுகளைக் கொண்டு போதையை நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிறுவனத்துக்குக் கை கொடுத்த அதே வாக்கியம் உங்களுக்கும் கை கொடுக்கும். தவிர, தீர்ப்பாயத்தில் கொலை வழக்கு அளவுக்குச் சந்தேகமற நிரூபிக்க வேண்டியதில்லை. ‘இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்’ என்ற அளவு போதும். குற்றவியல் வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு தன் வழியில் நடக்கும்.

சாட்சிகளைவிட அதிகமாக வழக்குகளைக் கெடுப்பது ஒரு சின்னத் தாள். மருத்துவமனையில் முதலில் எழுதும் விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். காப்பி என்று கேட்டால்தான் அங்கே புரியும். எந்த வண்டி, எங்கே, எப்போது, எப்படி மோதியது என்பதை வாய்மொழியாகக் கேட்டு டியூட்டி டாக்டர் எழுதுவார். பதற்றத்தில் யாரோ ஒருவர் ‘வண்டில இருந்து விழுந்துட்டாரு’ என்று சொல்லிவிட்டால், தானாக விழுந்ததாகப் பதிவாகிவிடும். இரண்டு ஆண்டு கழித்து அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நிறுவனத்தின் வக்கீல் நிற்பார். சேர்க்கும்போதே சரியாகச் சொல்லுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். இரண்டு நாள் தாமதமானாலும் சமாளிக்கலாம். உயிரைக் காப்பாற்ற ஓடும் குடும்பம் முதலில் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதை 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சிகிச்சைச் செலவுக்குக் கடன் வாங்கும் முன் ஒரு விசாரிப்பு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், இணைக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். மத்திய அரசு 2025இல் கொண்டுவந்த திட்டத்தில் ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் பணமில்லாச் சிகிச்சை உண்டு. இவை இழப்பீட்டுக்குப் பதில் அல்ல. இவற்றைப் பெற்றுக்கொண்டதால் வழக்குப் போடும் உரிமை போய்விடாது.

வழக்குப் போடும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்ற வளாகம். மற்ற ஊர்களில் மாவட்ட அல்லது சார்பு நீதிமன்றங்கள். விபத்து நடந்த ஊரிலும் போடலாம், நீங்கள் வசிக்கும் ஊரிலும் போடலாம். வேலூர் அருகே அடிபட்ட தென்காசிக்காரர் வாய்தாவுக்கு வாய்தா வேலூருக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற வரம்பு 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் உண்டு என்றாலும், அவற்றை நம்பித் தாமதிப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஓட்டுநர், ஆர்.சி.யில் பெயருள்ள உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். ‘வண்டியை எப்பவோ வித்துட்டேன் சார்’ என்று உரிமையாளர் சொல்வது நம்மூரில் சகஜம். ஆர்.சி. பெயர் மாறாதவரை பொறுப்பு அவருடையதுதான் என்று 2018இல் தீர்ப்பு வந்துவிட்டது. பெயர் மாற்றாமல் வண்டி விற்கிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

காவல் துறைக்கும் இதில் கடமை உண்டு. 2022 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையையும் 90 நாட்களில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய உரிமைகளைச் சொல்லும் படிவம் ஒன்றையும் தர வேண்டும். பல இடங்களில் தானாகத் தரமாட்டார்கள். கேட்டால் தராமல் இருக்க முடியாது.

எவ்வளவு கிடைக்கும்? இதற்கு யாராவது உடனே ஒரு தொகை சொன்னால் அவரை நம்பாதீர்கள். கணக்கின் வழி மட்டும் சொல்கிறேன். முப்பத்திரண்டு வயதுக் கொத்தனார், மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்தவர் என்று வைத்துக்கொள்வோம். வலது கை சரியாக மடங்கவில்லை; சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போய்விட்டது. சுயதொழில் செய்பவர், நாற்பதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 28,000, ஆண்டுக்கு 3,36,000. அவர் வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கெண் 16. பெருக்கினால் 53,76,000, அதில் 40 சதவீதம் 21,50,400 ரூபாய். இது வருமான இழப்பு மட்டும். மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் கூலி, ஆட்டோ வாடகை, சத்தான உணவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, வலி வேதனை, இனி செய்ய வேண்டிய அறுவைச் சிகிச்சை எல்லாம் தனித்தனித் தலைப்புகள். மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு.

இதில் வழக்கைத் தூக்கி நிறுத்துவது அந்த ‘சம்பாதிக்கும் திறன்’ என்ற சொல்தான். மருத்துவக் குழு தரும் ஊனச் சான்றிதழின் சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல. 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: ஒரு கையை இழந்த குமாஸ்தா அதே வேலையில் தொடர முடியும், தச்சருக்கோ டிரைவருக்கோ தொழிலே போய்விடும். ஆகவே நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், அதற்கு அந்தக் கை எதற்கெல்லாம் வேண்டும் என்பதை உங்கள் சாட்சியத்தில் விளக்கமாகச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் மேஸ்திரியையோ முதலாளியையோ சாட்சி சொல்லவைக்கலாம். வங்கிக் கணக்கில் வந்த கூலி, நல வாரிய அட்டை எல்லாம் உதவும்.

இத்தனையையும் ஒரே மாலையில் ஒன்றுமில்லாமல் ஆக்கும் இடம் ஒன்று இருக்கிறது: டீக்கடைப் பேச்சு. ‘பையன் வாழ்க்கை போயிடும், ஐம்பதாயிரம் வாங்கிக்கிட்டு முடிச்சுக்கங்க.’ கொத்தனாரின் 21 லட்சத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்த ஐம்பதாயிரத்தைப் பாருங்கள். செலவுக்குப் பணம் தந்தால் வாங்குவதில் தவறில்லை. ஆனால் ‘வழக்கு வேண்டாம்’ என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 164ஆம் பிரிவின்படி, யார் தவறு என்று பார்க்காமல் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், உயிரிழப்புக்கு ஐந்து லட்சம் பெறும் வழியும் இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டால் பெரிய மனு காலாவதியாகிவிடும். காயம் நிரந்தரமானது என்றால் அவசரப்பட வேண்டாம். லோக் அதாலத்தில் சமரசம் நல்லதுதான்; அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

இடித்த வண்டிக்குக் காப்பீடே இல்லை என்றால்தான் உண்மையான சிக்கல். எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் அன்றே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியை, உரிமையாளர் போதிய பிணை கட்டாமல் விடுவிக்கக்கூடாது என்பதற்கு விதி செய்யும்படி 2018இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களைப் பணித்தது. வண்டி வெளியே போவதற்குள் எதிர்ப்பு மனு போட வக்கீலிடம் சொல்லுங்கள்.

வக்கீல் என்றதும் நினைவுக்கு வருகிறது: ‘வர்றதுல முப்பது பர்சன்ட்’ என்ற பேரம். கிடைக்கும் தொகையில் பங்கு பேசி வழக்கு எடுப்பது பார் கவுன்சில் விதிகளுக்கு முரணானது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். மற்றவர்களில் குறைந்த வருமானமுள்ளவர்களுக்கும் தரும். வார்டு வாசலில் யார் என்ன சொன்னாலும், கையெழுத்துப் போடும் முன் 15100 என்ற எண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.