மஞ்சள் யாருக்குச் சொந்தம்?

கையில் காயம் பட்டால் மஞ்சளைக் குழைத்துப் பூசுகிறோம். இதை நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அம்மா. அம்மாவுக்குப் பாட்டி. பாட்டிக்கு அவருடைய பாட்டி.

1995-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் ஒரு செய்தி நடந்தது. மஞ்சளால் புண்ணை ஆற்றுவது புதிய கண்டுபிடிப்பு என்று அங்கே காப்புரிமை கொடுத்தார்கள். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம் அதைப் பெற்றது. வேடிக்கையைப் பாருங்கள், கண்டுபிடித்ததாகச் சொன்ன இருவரும் இந்திய வம்சாவளியினர்!

காப்புரிமை என்றால் என்ன? 'பேட்டன்ட்' என்றும் சொல்வார்கள். ஒருவர் பல வருடம் பாடுபட்டுப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அடுத்தவர் அதைப் பார்த்து மறுநாளே செய்து விற்றால் அவருக்கு நட்டம்தானே? அதனால் அவருடைய அனுமதி இல்லாமல் பிறர் அதைச் செய்து விற்கக் கூடாது என்று அரசு தடுக்கிறது. இந்தியாவில் இந்தத் தடை 20 ஆண்டுகள். பதிலுக்கு அவர் தன் செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டும். காலம் முடிந்ததும் அது எல்லோருக்கும் பொது. நியாயமான ஏற்பாடுதான்.

உயிருள்ள பொருளுக்கும் காப்புரிமை உண்டா? இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி ஆனந்த சக்கரவர்த்தி, கச்சா எண்ணெயைத் தின்னும் ஒரு நுண்ணுயிரை அமெரிக்காவில் உருவாக்கினார். அது இயற்கையில் இல்லாதது. மனிதர் உருவாக்கியது. எனவே காப்புரிமை உண்டு என்று 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு உயிரித் தொழில்நுட்பத்தில் காப்புரிமை கேட்பவர்கள் பெருகினார்கள்.

சக்கரவர்த்தியின் நுண்ணுயிர் புதியது. மஞ்சள் வைத்தியம் புதியதா? இல்லையே! பிறகு எப்படிக் கொடுத்தார்கள்?

அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. வேறு நாட்டு மக்கள் ஒன்றைப் பயன்படுத்தி வந்தால் மட்டும் போதாது. அது புத்தகத்திலோ பத்திரிகையிலோ அச்சாகி இருக்க வேண்டும். கோடிப் பேர் மஞ்சள் பூசினாலும் அது கணக்கில் வராது. (2011-ல் வந்த சட்டம் இந்த விதியை மாற்றியது.)

ஒரு நாட்டின் காப்புரிமை அந்த நாட்டில்தான் செல்லும். நம் வீட்டில் மஞ்சள் பூசுவதை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் இங்கிருந்து மஞ்சள் மருந்தை அமெரிக்காவுக்கு அனுப்பி விற்க நினைப்பவருக்குத் தடை வந்திருக்கும்.

நம் நாட்டின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996-ல் இதை எதிர்த்தது. 32 ஆதாரங்களைத் தேடிக் கொடுத்தது. சமஸ்கிருதம், உருது, இந்தி மொழிகளில் இருந்த எழுத்துகள் அவை. சில 100 ஆண்டுக்கும் மேல் பழையவை. 1997-ல் காப்புரிமை ரத்தானது. பாட்டி சொன்னது எடுபடவில்லை, பழைய புத்தகம் எடுபட்டது.

வேம்பின் கதை வேறு மாதிரி. வேப்ப எண்ணெயால் பயிரின் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறைக்கு 1994-ல் ஐரோப்பாவில் காப்புரிமை கொடுத்தார்கள். பெற்றவர்கள் அமெரிக்க விவசாயத் துறையும் ஓர் அமெரிக்க நிறுவனமும். ஐரோப்பாவில் வாய்ச் சாட்சியும் செல்லும். முன்பே இந்தியாவில் இதைச் செய்து வந்த ஓர் ஆலைக்காரர் அங்கே போய்ச் சாட்சி சொன்னார். 2000-ல் காப்புரிமை ரத்து. மேல்முறையீடும் 2005-ல் தோற்றது. வழக்கு நடந்தது பத்து வருடம்! ஒவ்வொரு செடிக்கும் இப்படி அலைய முடியுமா?

அதனால் 2001-ல் நம் அரசு வேறு வேலை தொடங்கியது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி நூல்களில் உள்ள மருந்து முறைகளைக் கணினியில் ஏற்றினார்கள். ஐந்து உலக மொழிகளில் எழுதினார்கள். வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலர்கள் அதைப் பார்க்கலாம்.

விதையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். நம் சட்டப்படி செடிக்கும் விதைக்கும் காப்புரிமை கிடையாது. புதிய ரகம் உருவாக்கியவருக்கு 2001-ஆம் ஆண்டுச் சட்டம் தனி உரிமை தருகிறது. ஆனாலும் விவசாயி தன் விளைச்சலில் விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாற்றிக் கொள்ளலாம், விற்கலாம். அந்த ரகத்தின் விதையை முத்திரைப் பெயர் போட்டு விற்கத்தான் கூடாது.

நூலில் ஏறாத அறிவும் ஊருக்கு ஊர் இருக்கிறது. அதற்காக 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊராட்சிகளில் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். ஊரில் உள்ள மரம், மூலிகை, நெல் ரகம், அவற்றின் பயன் எல்லாம் அதில் வரும். வைத்தியர்களையும் வயதானவர்களையும் கேட்டுத்தான் எழுத வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.