வீட்டில் எஞ்சிய சிறுமி

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குச் செல்வோர் மாத்ருபூதேசுவரர் சந்நிதியைத் தரிசியாமல் திரும்புவதில்லை. 1922-இல் மறைந்த அன்னை அழகம்மாளின் சமாதிமீது எழுந்த அவ்வாலயத்துக்கு 1949-இல் கும்பாபிஷேகம் நடைபெற்றது. துறவியான மைந்தனைத் தேடிவந்த தாய்க்குக் கோயில் உண்டாயிற்று. அக்குடும்பத்தில் ஒரு பெண் குழந்தையும் இருந்தாள் என்பதை நம்மவரில் எத்தனை பேர் நினைக்கின்றனர்?

தந்தை சுந்தரமையர் 1892-இல் காலமானார். 1896-இல் தமையன் வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷியென உலகம் போற்றியவர், ஒரு சீட்டை எழுதி வைத்துவிட்டு மதுரையினின்றும் ரயிலேறினார். பிற்காலத்தில் மற்றொரு தமையன் நாகசுந்தரமும், மனைவி இறந்தபின், காவியுடுத்து இம்மலையையே அடைந்தார். அவர் விட்டு வந்த சிறுவனை வளர்த்தவர் யார்? தங்கை அலமேலுவே. அச்சிறுவன் வளர்ந்து, 1953-இல் தந்தை மறைந்தபின் ஆசிரமத் தலைவரானார். ஆடவர் வெளியேறிய வீட்டில் நின்று சுமை தாங்கிய அப்பெண்ணின் பால்யத்தைப் பற்றிக் கதை சொல்வாரைக் காணோம்.

இத்தகைய சிறுமியையே கதாநாயகியாகக் கொண்ட ஒரு நவீனம் ஆங்கிலத்தில் உண்டு. எடித் நெஸ்பிட் என்னும் மாது 1906-இல் வெளியிட்ட 'ரயில்வே குழந்தைகள்' அது. சர்க்கார் உத்தியோகஸ்தரான தந்தையை ஓரிரவு இருவர் வந்து அழைத்துச் செல்கின்றனர். ராஜ்ய இரகசியத்தை அந்நியருக்கு விற்றாரென்பது பொய்க் குற்றச்சாட்டு. தாய் மூன்று குழந்தைகளையும் கிராமத்துக்கு அழைத்துச் சென்று, கதையெழுதிப் பிழைக்கிறாள். காரணத்தை மட்டும் கூறாள். மூத்தவள் ராபர்ட்டா, பழைய பத்திரிகைகளைச் சுற்றியிருந்த காகிதத்தில் தந்தையின் தண்டனைச் செய்தியைத் தானே படித்துவிடுகிறாள். ஐந்து வருஷக் கடுங்காவல்!

நூலின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. ரயில் விபத்தைக் குழந்தைகள் தடுக்கும் கட்டத்தையே பலரும் புகழ்வர். நாம் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. அன்பினாலேயே தாய் மறைத்தாள். ஆயினும் அம்மறைவு, தந்தையின் பிரிவினும் அதிகமாக அச்சிறுமியைத் தனிமைப்படுத்தியது. உண்மை தெரிந்தபின் அழுகிறாள். பிறகு செயலில் இறங்குகிறாள். ரயிலில் பழக்கமான முதியவருக்கு அவள் எழுதும் கடிதத்தால் வழக்கு மறு ஆராய்ச்சிக்கு வருகிறது. நியாயஸ்தலத்தில் மனைவியும் தாயும் கண்ணீருடன் நிற்பதை நாம் கண்டதுண்டு. கைதியின் மகளிடம் என்ன சொல்லப்பட்டதென்று எந்த வக்கீலும் வினவியதை யாம் கேட்டதில்லை.

சிறை சென்ற தேசபக்தரின் இல்லங்களிலும் இதே வினா எழுந்தது. ஜவாஹர்லால் நேரு அதற்கு விடையளித்த விதம் யாவரும் அறிந்ததே. 1930 அக்டோபர் 26-ந் தேதி, மகள் இந்திராவின் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு நைனி சிறையிலிருந்து கடிதம் எழுதினார். 1931 ஜனவரி முதல் நாள் தாய் கமலாவும் கைதானார். 1933 வரை சென்ற அக்கடிதங்கள் 196. உலக சரித்திரத்தைக் கற்பிப்பது அவற்றின் நோக்கமென்பர். தந்தை ஏன் வீட்டிலில்லை என்பதை மகளிடம் மறைக்காமல் பேசியதையே நாம் அவற்றில் முதன்மையாகக் கருதுகிறோம். ஆனால் அவை தந்தை எழுதியவை. குழந்தையின் குரல் அவற்றில் இல்லை.

அலமேலுவைப் பற்றித் தமிழில் ஒரு குழந்தை நவீனம் எழுதப்படுமாயின், அது அருணாசலத்தின் அடிவாரத்தில் தொடங்க வேண்டுவதில்லை. மதுரையிலிருந்து பிள்ளையைக் காணோமென்ற சேதி தாயை எட்டிய நாளில், பக்கத்தில் நின்ற சிறுமி என்ன கேட்டாள், பெரியோர் என்ன பதில் கூறினர் என்பதிலிருந்து தொடங்கட்டும்.